மலைச்சரிவில் மூன்று கட்டடம், 14 வகுப்பறை: ஸ்மார்ட் போர்டும் ஒலிபெருக்கியும் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கொழுந்து_டீச்சர்

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலை, தரம் 1 முதல் 11 வரை. பழைய மாணவர் சங்கம் இந்த வருடமும் அடுத்த வருடமும் பணம் தர ஒத்துக்கொண்டிருக்கிறது. எதை வாங்குவது என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

கட்டடங்கள் மூன்றும் படிக்கட்டு போல ஒன்றுக்கு மேல் ஒன்று இருக்கின்றன. கீழ்க் கட்டடத்தில் அலுவலகமும் மின்சார மீற்றரும். மேல் கட்டடத்துக்கு வயர் போகும் தூரம் ஏறக்குறைய 100 மீற்றர். கீழ்க் கட்டடத்துக்கு கொங்கிரீட் தட்டு. மற்ற இரண்டும் தகரக் கூரை, சீலிங் இல்லை. வகுப்பறை 25 × 20 அடி, ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள் வரை. சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு, பிளக் பொயின்ட் பெரும்பாலும் பழைய 5 அம்பியர் உருண்டை ஓட்டை. பிரதான மண்டபம் 80 × 40 அடி, உயரம் 15 அடி, அதற்கும் தகரம்தான்.

கடைக்காரர் தந்த கூறுவிலையில் இருப்பது: 65 இன்ச் ஸ்மார்ட் போர்ட் (தொட்டு எழுதும் பெரிய திரை) 6, மண்டபத்துக்கு ஹோர்ன் ஸ்பீக்கர் 4, வயர்லெஸ் மைக் 2. இது எங்கள் இடத்துக்குச் சரிவருமா? புரொஜெக்டர் நல்லதா, போர்ட் நல்லதா?

---

வெள்ளைச்சுவர்

டீச்சர், அந்தக் கூறுவிலையில் உங்கள் வகுப்பறையின் அளவு எங்கேயும் இல்லை. கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எழுத்து வாசிக்க வேண்டிய படமென்றால், கடைசி வரிசை படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். 65 இன்ச் போர்டில் படத்தின் உயரம் 81 செ.மீ. ஆறு மடங்கு 4.86 மீற்றர், அதாவது 16 அடி. உங்கள் கடைசி வரிசை 22 அடியில் இருக்கும். பின்னால் இருக்கும் இரண்டு வரிசைப் பிள்ளைகளுக்கும் அந்தப் போர்ட் வெறும் நிறப்படம். 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத்தான் தெரியும். 75 இன்ச் 18 அடி வரை போகும். 86 இன்ச் 21 அடி வரை, அது கிட்டத்தட்டப் போதும். புரொஜெக்டரில் 2 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரத்துக்குப் படம் போட்டால் 24 அடி வரை தாராளம். கூட்டத்தில் இதைக் காட்ட எளிய வழி: ஒரு தாளில் 3.5 செ.மீ உயர எழுத்தில் ஒரு வரியும் 2 செ.மீ எழுத்தில் ஒரு வரியும் எழுதிக் கரும்பலகையில் ஒட்டி, சங்கத்தாரைக் கடைசி வாங்கில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரியின் அளவுதான் அங்கே உட்காரும் பிள்ளைக்கு வேண்டியது.

புரொஜெக்டருக்கு எதிரி வெளிச்சம். 3,600 லூமன் வெளிச்சம் விடும் புரொஜெக்டர் 2.5 சதுர மீற்றர் படத்தில் ஏறக்குறைய 1,440 லக்ஸ் (ஒரு சதுர மீற்றரில் விழும் வெளிச்சம்) தரும். சுவரில் ஏற்கனவே 100 லக்ஸ் விழுந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் 15க்கு 1 என்ற வித்தியாசம் கிடைக்கும். பாடக்குறிப்பு வாசிக்க அது நல்லது. 400 லக்ஸ் விழுந்தால் 5க்கு 1கூட வராது, படம் வெளிறிப்போகும். இதற்கு எல்லா ஜன்னலுக்கும் திரை போடத் தேவையில்லை. பலகைக்கு அடுத்துள்ள முதல் ஜன்னலுக்கு மட்டும் தடித்த இருட்டுத் துணி போதும். அதைவிட முக்கியம், பலகைக்கு மேலே உள்ள டியூப் லைட்டுக்குத் தனி சுவிட்ச். நமது பக்கம் மூட்டம் இறங்கினால் காலை பத்து மணிக்கே லைட் போட வேண்டியிருக்கும். ஒரே சுவிட்சில் எல்லாம் எரிந்தால், பிள்ளைகள் கொப்பியைப் பார்க்க வேண்டும் அல்லது படத்தைப் பார்க்க வேண்டும், இரண்டும் முடியாது.

ஸ்மார்ட் போர்டுக்கு எதிரி சுவர். 75 இன்ச் ஒன்று 50 கிலோ அளவில் இருக்கும், 86 இன்ச் இன்னும் கூட. பழைய கருங்கல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் சாதாரண ரோல் பிளக் பிடிக்காது. சுவரை ஊடறுத்து போல்ட் போட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். சில்லு ஸ்டாண்டில் வைத்து வகுப்புக்கு வகுப்பு தள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கீழ்க் கட்டடத்துக்குள் தள்ளலாம். படிக்கட்டு ஏற்றி மேல் கட்டடத்துக்குக் கொண்டுபோக எண்ணவே வேண்டாம்.

என் முடிவு: ஆறு சிறிய போர்டுக்குப் பதிலாக, கொங்கிரீட் கட்டடத்தில் பெரிய வகுப்புகளுக்கு 86 இன்ச் இரண்டு. ஆரம்பப் பிரிவுக்கு 75 இன்ச் ஒன்று, கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ உயரத்தில், தரம் 1 பிள்ளைக்குக் கை எட்ட வேண்டும், அந்த வகுப்பில் வாங்குகளை முன்னுக்கு இழுத்துப் போடுங்கள். தகரக் கூரைக் கட்டடங்களுக்கு சீலிங் போட்ட பிறகு புரொஜெக்டர். சுவருக்கு மிக அருகில் வைக்கும் அல்ட்ரா ஷோர்ட் வகை வாங்குவதென்றால் சுவர் கண்ணாடி போல மட்டமாக இருக்க வேண்டும். சிறு மேடு பள்ளமும் எழுத்து வரியை வளைத்துவிடும், தொங்கும் திரை காற்றில் ஆடினாலும் அப்படித்தான். பளபளக்கும் வெள்ளைப் பலகையில் விழுத்தினால் நடுவில் ஒரு ஒளிப்பொட்டு கண்ணைக் குத்தும். மங்கல் பூச்சுள்ள பலகை கேளுங்கள்.

இதை வாசிக்கும் நுவரெலியாக்காரர்களுக்கு ஒரு சொல்: நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான புரொஜெக்டர்களில் 1,500 மீற்றருக்கு மேல் என்றால் விசிறியைக் கூட்டும் ஹை அல்டிடியூட் செட்டிங் மெனுவில் இருக்கும். காற்று மெலிதாக இருப்பதால் சாதாரண வேகத்தில் சூடு வெளியேறாது. அதைப் போடாவிட்டால் லாம்ப் சீக்கிரம் போகும், அல்லது பாட நடுவில் தானாக நின்றுவிடும். ஹட்டன் அந்த உயரத்துக்குக் கீழே.

---

மெயின்_சுவிட்ச்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் போர்ட் வந்து இறங்குமுன் கரண்ட் வேலை முடிய வேண்டும்.

30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் உச்சம் 6.9 கிலோவாட். 14 வகுப்புக்கும் கருவி வந்தால், ஒன்றுக்கு 250 வாட் என்று வைத்தாலும் 3.5 கிலோவாட். கணினிக் கூடத்தில் 20 டெஸ்க்டொப் இருந்தால் 3 கிலோவாட். அதற்கு மேல் போட்டோகொப்பி மெஷின், கேத்தல், லைட். ஒரே நேரத்தில் எல்லாம் ஓடினால் தாங்காது. மூன்று பேஸ் இணைப்புக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அது கிடைக்க எடுக்கும் காலம்தான் உங்கள் திட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

மேல் கட்டடத்துக்கு 4 சதுர மி.மீ வயர் இழுத்து 15 அம்பியர் ஓடவிட்டால், 100 மீற்றர் போய்வர 14 வோல்ட் வயரிலேயே போய்விடும். 10 சதுர மி.மீ போட்டால் 5½ வோல்ட்தான். தோட்டத்து லைனின் கடைசியில் இருக்கும் பாடசாலையில் மீற்றரிலேயே 205 வோல்ட் தான் வரும் என்றால் இது பெரிய வித்தியாசம். வயரை முடிவெடுக்குமுன், மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு வாரத்துக்குக் காலை 7.30க்கும் 10.30க்கும் வோல்ட்டேஜ் அளந்து எழுதிவையுங்கள். அதே டிரான்ஸ்ஃபோமரில் தேயிலைத் தொழிற்சாலை இருந்தால் அது ஓடும் நாளில் அளக்க மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் என்று கூறுவிலையில் சேர்ப்பார்கள். தேவையில்லை. இன்றைய போர்டும் புரொஜெக்டரும் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்; பின்பக்க லேபிளில் அச்சடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட்டேஜ் குறைவதால் இவை சாவதில்லை. குறையக் குறைய இழுக்கும் அம்பியர் கூடும், அதனால் வயர்தான் சூடாகும். கருவியைக் கொல்வது வேறு மூன்று: கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வரும் உதைப்பு, இடி, நியூட்ரல் கழன்றுபோவது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் சில பிளக்கில் 230க்குப் பதில் 400 வோல்ட்டுக்குக் கிட்ட வந்துவிடும். இந்தப் பணத்தை இப்படிச் செலவழியுங்கள்: மெயின் சுவிட்ச் போர்டிலும் மேலே உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் சிறு சுவிட்ச் போர்டிலும் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் (திடீர் உதைப்பை நிலத்துக்குத் திருப்பும் கருவி), ஒவ்வொரு கட்டடத்துக்கும், வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் வெட்டி, திரும்பி வந்த பிறகு மூன்று நிமிடம் பொறுத்து இணைக்கும் ரிலே, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் வெட்டுவது). நில வயரின் தடை 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும். பாறை நிலத்தில் ஒரு கம்பி போதாது. இரண்டு மூன்று கம்பிகளை, கம்பியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்து ஒன்றாக இணைக்க வேண்டும். நில வயர் சரியில்லாவிட்டால் சர்ஜ் அரெஸ்டர் வெறும் பெட்டிதான்.

உருண்டை ஓட்டை பிளக்கில் அடப்டர் போட்டுச் சதுரப் பிளக்கைக் குத்துவதை நிறுத்துங்கள். கருகுவது எப்போதும் அந்த அடப்டர்தான்.

கட்டடத்துக்குக் கட்டடம் நெட்வொர்க் இழுப்பதென்றால் பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மட்டும். செம்பு கேபிள் இழுத்தால் இடி விழும்போது இரண்டு கட்டடங்களின் நிலத்துக்கும் இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் அந்த வயர் வழியாகத்தான் ஓடும். இரண்டு பக்கத்து சுவிட்சும் போய்விடும். மார்ச் - ஏப்ரல், ஒக்டோபர் - நவம்பர் மாதங்களில் பின்னேர இடி நமக்கு வழக்கம். அந்த மாதங்களில் பாடசாலை விடும்போது பிளக்கைக் கழற்றுவது ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும்.

முதல் வருடம் நான்கு வகுப்புக்குத்தான் கருவி என்றாலும் பைப்பை 14 வகுப்புக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். கடையில் 40 மி.மீ PVC என்று கேளுங்கள், 25 மி.மீ பைப் வளைவில் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை போகாது. உள்ளே நைலோன் கயிறு ஒன்றை விட்டுவையுங்கள்.

---

கொழுந்து_டீச்சர்

மிக்க நன்றி இருவருக்கும். தாளை ஒட்டிப் பார்த்தோம், 2 செ.மீ வரியைக் கடைசி வாங்கிலிருந்து யாராலும் வாசிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மழைக்காலத்தில் தகரச் சத்தத்தில் டீச்சர்மாரின் குரலே கேட்பதில்லை. வகுப்புக்கு மைக் போட்டால் சரியாகுமா? மண்டபத்துக்கு அந்த நான்கு ஹோர்ன் சரியா? கூடவே, மூன்று கட்டடத்துக்கும் கேட்கும்படி மணியும் அறிவித்தலும் வேண்டும்.

---

ஒலித்தூண்

டீச்சர், மழைக்கு மைக் மருந்தல்ல. குரல் தெளிவாக விளங்க, சத்தத்தைவிட 15 டெசிபல் கூட இருக்க வேண்டும். தகரத்தில் அடை மழை 70 டெசிபலைத் தாண்டும். மைக் போட்டால் பிள்ளைகளின் காதில் 85 கொடுக்க வேண்டிவரும். நாள் முழுக்க அதைக் கேட்கவைக்கக் கூடாது. பக்கத்து வகுப்பும் அதே மைக்கைக் கூட்டும், பிறகு போட்டிதான். தகரத்துக்குக் கீழே பாரமுள்ள சீலிங் போடுங்கள்: ஜிப்சம் அல்லது சீமெந்து நார்ப் பலகை, அதன் மேல் 50 மி.மீ ரொக் வுல். வெள்ளிக் காகிதம் ஒட்டிய மெல்லிய ஃபோம் வெயிலுக்குத்தான், மழைச் சத்தத்தை அதிகம் குறைக்காது. பலகைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விட்டால் போட்ட பணம் அந்த இடைவெளியால் ஓடிவிடும். வகுப்பறைக்குச் செய்யும் செலவில் முதல் இடம் சீலிங்குக்குத்தான், போர்டுக்கு முன்னால். அதன் பிறகு 35 பிள்ளைகளுள்ள வகுப்புக்குப் போர்டில் உள்ள ஸ்பீக்கரே போதும்.

மண்டபத்தைப் பார்ப்போம். 80 × 40 × 15 அடி என்றால் ஏறக்குறைய 1,360 கன மீற்றர். சீமெந்துத் தரை, பூசிய சுவர், தகரம். வெறும் மண்டபத்தில் எதிரொலி அடங்க நாலு செக்கன் எடுக்கும். 400 பிள்ளைகள் உட்கார்ந்ததும் ஒரு செக்கனுக்கு வந்துவிடும், உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சும். அதனால் காலியான மண்டபத்தில் "ஹலோ செக்" சொல்லிப் பார்த்து ஒலியைத் தீர்மானிக்கக் கூடாது. பரிசளிப்பு ஒத்திகை நாளில் பிள்ளைகளோடு வைத்துச் சோதியுங்கள்.

மூடிய மண்டபத்துக்குள் ஹோர்ன் வேண்டாம். அது திறந்த வெளிக்கானது. உள்ளே அதன் சத்தம் எதிர்ச் சுவரிலும் தகரத்திலும் மோதி வார்த்தையைக் குழப்பும். மேடையின் இரு பக்கமும் சுவரில் ஒவ்வொரு தூண் ஸ்பீக்கர், அடி விளிம்பு 7 அடி உயரத்தில், முகம் பின்வரிசைத் தலைகளை நோக்கிச் சிறிது சாய்வாக. தூண் வகை சத்தத்தை மேலே தகரத்துக்கு அனுப்பாமல் தட்டையாக விரிக்கும், அதுதான் அதன் பயன். 40 அடியில் இன்னும் இரண்டு சிறிய ஸ்பீக்கர். அவற்றுக்கு டிலே, அதாவது சத்தம் சற்றுத் தாமதித்து வரும்படி, கொடுக்க வேண்டும்: மேடைச் சத்தம் 12 மீற்றர் வர 35 மில்லிசெக்கன் எடுக்கும், அதோடு 10 முதல் 15 கூட்டி 45 முதல் 50 வரை வையுங்கள். அப்போதுதான் பின்னால் இருப்பவருக்குக் குரல் மேடையிலிருந்து வருவது போலக் கேட்கும். வெளியீட்டுக்குத் தனித்தனி டிலே உள்ள டிஜிட்டல் மிக்ஸர் வாங்குங்கள். பேச்சு மைக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும்.

மைக் கூவுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் விதம். பிள்ளை மைக்கின் வலைத் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்தால், முன்னால் மட்டும் கேட்கும் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காக மாறிவிடும், உடனே கூவும். உடம்பைப் பிடித்து, வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைக்கப் பழக்குங்கள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும். நாடகத்துக்கு நாலு மைக் திறந்திருந்தால் கூவாமல் சத்தத்தைக் கூட்டக்கூடிய அளவு, ஒரு மைக்குக்கு இருந்ததைவிட 6 டெசிபல் குறையும். பேசாதவருடைய மைக்கை மூட ஒரு பிள்ளையை மிக்ஸரில் உட்காரவையுங்கள். வயர்லெஸ் மைக் வாங்கும்போது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த அலைவரிசையா என்று எழுத்தில் கேளுங்கள். மேடைப் பேச்சுக்கு ஒரு வயர் மைக்காவது எப்போதும் இருக்கட்டும்.

மணியும் அறிவித்தலும் தனி அமைப்பு, 100 வோல்ட் லைன்: அம்ப் கூடிய வோல்ட்டேஜில் அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சிறு ட்ரான்ஸ்ஃபோமர் அதைக் குறைக்கும். நடைபாதைகளுக்கு 10 வாட்டில் ஆறு ஸ்பீக்கர், மைதானத்துக்கு 30 வாட்டில் இரண்டு ஹோர்ன். மொத்தம் 120 வாட். அம்ப்பின் சக்தியில் 80 வீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, ஆகவே 150 வாட்டுக்குக் குறையாத அம்ப். 1.5 சதுர மி.மீ இரட்டை வயரில் 150 மீற்றர் போனாலும் 4 வோல்ட் அளவில்தான் குறையும், காதுக்குத் தெரியாது. அதே தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கரை நேரே இழுத்தால் அம்ப்பின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போகும். இந்த லைனில் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைத் தெரியாமல் மாட்டிவிட்டால் ஸ்பீக்கரோ அம்ப்போ எரியும். சுவரில் ஒட்டி எழுதிவையுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம்: இந்த அம்ப்புக்கு 24 வோல்ட் பெற்றரி இணைப்பு இருக்க வேண்டும், இரண்டு 12 வோல்ட் பெற்றரியும் சார்ஜரும் கூடவே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும் மழையில்தான் கரண்டும் போகும். மேல் கட்டடத்துப் பிள்ளைகளை இறக்க வேண்டிய நேரத்தில் அந்த ஹோர்ன் பேச வேண்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு அறிவித்தல் ஒன்று செய்து பாருங்கள். கட்டடங்களுக்கு இடையே போகும் லைனுக்கு இரு வயரையும் வெட்டும் சுவிட்ச் ஒன்று அம்ப் பக்கத்தில் வையுங்கள், இடி நேரத்தில் அதுதான் அம்ப்பைக் காக்கும்.

---

ஊவா_ஐசிடி

கருவிப் பக்கம் எல்லாம் வந்துவிட்டது. பாவனைப் பக்கம் சில விஷயம்.

ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய பாடக்குறிப்புகள் அனேகமாக பாமினி எழுத்துருவில் இருக்கும். ஸ்மார்ட் போர்ட் அண்ட்ரொயிட்டில் ஓடுகிறது, அதில் பாமினி இல்லை. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். ஆசிரியர் போர்ட் பழுது என்று நினைத்து விட்டுவிடுவார், அதன் பிறகு போர்டைத் தொடமாட்டார். கையளிக்கும் நாளுக்கு முன்பே கோப்புகளை எல்லாக் கருவியும் வாசிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரமில்லையென்றால் எழுத்துருவோடு சேர்த்து பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளுங்கள்.

மேல் கட்டடத்தில் இணையம் இருக்காது என்றே திட்டமிடுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் இருக்கின்றன. தேவையானதைக் கீழே அலுவலகத்தில் இறக்கி பென் டிரைவில் தரம் வாரியாக வையுங்கள். விடியோவை 1080க்கு மேல் இறக்க வேண்டாம், இடம்தான் வீண்.

ஈரம். புரொஜெக்டரின் லென்ஸிலும் உள்ளே உள்ள தகடுகளிலும் பூஞ்சணம் பிடிப்பது நமது மலையில் வழக்கமான சாவு. பிறகு படத்தில் மஞ்சள் பொட்டு விழும், துடைத்தாலும் போகாது. விடுமுறையிலும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட ஒருவரை நியமியுங்கள், அந்தச் சூடே மருந்து. கழற்றி வைப்பதென்றால் இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு. சோக்குத் தூள் வடிகட்டியை அடைக்கும். புரொஜெக்டர் உள்ள வகுப்பில் வெள்ளைப் பலகைக்கு மாறிவிடுங்கள், 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள்.

கூறுவிலையைத் திரும்பக் கேட்கும்போது எழுத்தில் வேண்டியவை: மூன்று வருட உத்தரவாதம், பழுதானால் ஆள் பாடசாலைக்கே வருவாரா அல்லது நீங்கள் கண்டிக்கோ கொழும்புக்கோ சுமக்க வேண்டுமா, திருத்தும் காலத்தில் மாற்றுக் கருவி தருவார்களா. 86 இன்ச் போர்டை ஹட்டனிலிருந்து கொழும்புக்கு லொறியில் அனுப்பினால் வாடகையோடு கண்ணாடி உடையும் ஆபத்தும் உங்கள் தலையில். கடைசித் தவணைப் பணத்தைக் கடைசி வாங்கிலிருந்து 3.5 செ.மீ எழுத்தை வாசித்த பிறகு கொடுங்கள்.

---

கொழுந்து_டீச்சர்

கூட்டத்தில் இந்த வருடப் பணத்தை வயரிங், மேல் கட்டடத்து நான்கு வகுப்புக்குச் சீலிங், அறிவித்தல் அமைப்பு, 86 இன்ச் போர்ட் ஒன்று என்று பிரித்து வைக்கப்போகிறேன். மீதி அடுத்த வருடம். ஸ்டோரில் பழைய ஹோர்ன் இரண்டு கிடக்கிறது, அதை மைதானத்துக்குப் பாவிக்கலாமா?

---

ஒலித்தூண்

பாவிக்கலாம், பார்த்துவிட்டு. பின்பக்கம் திறந்தால் ட்ரான்ஸ்ஃபோமரும் 10, 20, 30 வாட் என்று பிரித்த முனைகளும் இருந்தால் 100 வோல்ட்டுக்கானது. இரண்டு வயர் மட்டும் நேரே போனால் மல்டிமீற்றரை வையுங்கள்: 6, 7 ஓம் காட்டினால் அது 8 ஓம் ஹோர்ன். 100 வோல்ட், 30 வாட் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று தனியாக வாங்கி இணைத்தால் அதுவும் வேலை செய்யும். மீற்றர் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே உள்ள டயஃபிரம் போயிருக்கும். ஹோர்னை மாற்றத் தேவையில்லை, டயஃபிரம் தனியாகக் கிடைக்கும், நான்கு திருகாணிதான். மாட்டும்போது வாயைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாயுங்கள், மழை நீர் உள்ளே தங்கினால் மறுபடியும் அதே டயஃபிரம்தான் போகும். இரண்டு ஹோர்னிலும் பிளஸ் பிளஸோடு சேர வேண்டும்; மாறினால் மைதானத்தின் நடுவில் நிற்பவருக்குச் சத்தம் குழிவிழும்.